ஐந்தாம் அத்தியாயத்துக் குகை

மலையடிவார விகாரையின் பிக்கு சுமேதருக்கு வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் அறவாழிக்கு அறுபத்தொன்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து பாடம் கேட்பார். மற்ற நாட்களில் வார இதழுக்குத் தொடர்கதை எழுதுவார். கதாநாயகன் புத்தர்தான். ஆனால் இவருடைய புத்தருக்கு வாள் உண்டு, குதிரை உண்டு, வாரம் ஒரு சண்டை உண்டு.

அன்று பௌர்ணமி இல்லை. உச்சிவெயிலில், இதழ்க்கட்டைச் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"சாமி, நான் எழுத உட்கார்ந்தா சுவத்துக்குள்ளேருந்து யாரோ தட்டறாங்க."

"எத்தனை நாளா?"

"நாற்பது வாரமா. நாளைக்குக் கடைசி அத்தியாயம் கொடுத்தாகணும். புத்தர் யட்சர்களோட ஊரைக் கொளுத்தறதோட கதை முடியுது. இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுங்க. பயமா இருக்கு."

உட்கார்ந்து, மடியில் தாளை விரித்து, பேனாவைத் திறந்து காட்டினார். விகாரைச் சுவருக்குள்ளும் மூன்று தட்டு கேட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் வெறும் பாறைதான்.

"உள்ளே யாரு?"

"அஞ்சாம் அத்தியாயத்து அரக்கன். நினைச்ச உருவம் எடுக்கிறவன். குகையில வச்சு மூடினேன், அப்புறம் மறந்தே போயிட்டேன்."

தொடர்கதைக்காரர்கள் அப்படித்தான். கிணற்றில் விழுந்தவளை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த தேசத்துக்குப் போய்விடுவார்கள்.

"அந்த இடத்தைப் படிங்க," என்றார் சுமேதர்.

அறவாழி படித்தார். "புத்தரும் அரக்கனும் கட்டிப் புரண்டு குகை இருட்டுக்குள் விழுந்தார்கள். ஒருவர் வெளியே வந்தார். பாறையை உருட்டி வாயிலை அடைத்தார்."

"வந்தவர் முகம்?"

"எழுத இடமில்ல சாமி. கடைசி நேரத்துல பட்டாசு விளம்பரம் வந்துட்டுது. ரெண்டே வரியில முடிச்சுட்டேன்."

"அதுக்கப்புறம் கதை எப்படிப் போச்சு?"

அறவாழியின் முகம் மலர்ந்தது. "பிச்சுக்கிட்டுப் போகுது! முன்னெல்லாம் என் புத்தர் வாளை உருவவே யோசிப்பார். குகைக்கப்புறம் ஒருத்தனையும் உயிரோட விடறதில்ல. பேனா நிக்கவே மாட்டேங்குது."

மறுபடி மூன்று தட்டு.

"தட்டறவரை நீங்க என்ன பண்ணினீங்க?"

"வாய்க்கு வந்தபடி திட்டினேன்."

"அதுக்கு?"

"கொஞ்ச நேரம் நிறுத்தும். அப்புறம் அதே மூணு தட்டு. ஒருநாளும் ஓங்கித் தட்டினதில்ல." அவர் குரல் இறங்கியது. "அதுதான் ரொம்பப் பயமா இருக்கு."

சுமேதர் எழுந்து சுவரருகே போனார். மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினார். தட்டும் சத்தம் நின்றது.

அறவாழி பதறிப்போனார். "அரக்கனையா சாமி கும்பிடறீங்க?"

"அவ்வளவு திட்டு வாங்கியும் ஓங்கித் தட்டாதவர். இவரா அரக்கன்?"

வெளியே வெயில் அப்படியே நின்றது. ஒரு காக்கை கூடக் கரையவில்லை. அறவாழி அந்த இடத்தை மறுபடி படித்தார்.

"அப்போ... குகையிலேருந்து வெளியே வந்தது யாரு சாமி?"

"உங்க வலது கையைக் கேளுங்க," என்றார் சுமேதர். "நாம பேசிட்டிருக்கும்போதே அது உங்க மடியில இருக்கிற தாள்ல ஊருக்குத் தீ வச்சிடுச்சு."