நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஆபத்து என்று வந்தால் மாரிக்கனியின் கால் தானாக நடுக்கோட்டுக்கு ஓடும். சின்ன வயதிலிருந்து கபடி ஆடிய கால் அது. ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும், எப்படியாவது புரண்டு ஒரு விரலால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிழைத்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு.

தோள்பட்டை இரண்டாவது தடவை நழுவியபோது, ஆள் மேல் ஆள் விழுகிற ஆட்டம் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, மைதானம் இல்லை. கொஞ்ச நாள் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு உயரத்தைப் பார்த்து மாவட்டப் போலீஸ் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கூப்பிட்டார்கள். போன உயிர் திரும்பின மாதிரி ஓடி வந்தாள்.

வந்த பிறகுதான் இது ஆட்டமா, வக்கீல் படிப்பா என்ற சந்தேகம் வந்தது.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது. தரையில் தட்டிக்கொண்டே ஓடலாம். தட்டுவதை நிறுத்திப் பிடித்துவிட்டால் மறுபடி தட்டக் கூடாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் சுற்றிச் சுற்றி வரலாம், ஊன்றிய கால் நகர்ந்தால் விசில். சென்டர் என்று பேர் கொடுத்துவிட்டு அவளை மைதானத்தின் கடைக்கோடியில், கூடைக்கு அடியில் போய் நிற்கச் சொன்னார்கள். சரி என்று நின்றால், மூன்று விநாடிக்கு மேல் நிற்கிறாய் என்று அதற்கும் விசில்.

இவற்றையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டாள். நடுக்கோடுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பந்தை எதிரணியின் பாதிக்குள் கொண்டுபோய்விட்டால் மறுபடி தன் பாதிக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் பந்து எதிரணிக்கு. படித்தாள், மனப்பாடம் செய்தாள், கேட்டால் ஒப்பித்தாள். ஆனால் இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு மறித்தால் போதும். விசுக்கென்று திரும்பிக் கோட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்து அப்பாடா என்று மூச்சு விடும்போது விசில் கேட்கும்.

கற்றுக்கொடுத்தவள் ஜெபமலர். பதவியில் கான்ஸ்டபிள், வயதிலும் சின்னவள். மைதானத்துக்கு வெளியே மாரிக்கனிக்கு அவள் சல்யூட் அடிப்பாள். உள்ளே வந்துவிட்டால் மாரிக்கனி அவளை மாஸ்டர் என்று கூப்பிட வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

அன்று சாயங்காலம் மண்டலப் போட்டிக்கான தேர்வு ஆட்டம். மற்றவர்களுக்கெல்லாம் அணிப் பனியன் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒன்று ஜெபமலரின் தோளில் கிடந்தது. அது கிடைக்காவிட்டால் தனக்கு இன்னொரு மைதானம் கிடையாது என்று மாரிக்கனிக்குத் தெரியும். தன் பையைத் தனியாகத் தன் பாதியின் ஓரத்தில் வைத்துவிட்டு, தரையைத் தொட்டுக் கும்பிட்டு இறங்கினாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மறித்தார்கள். ஓடி வந்துவிட்டாள். விசில். அடுத்த முறையும் அதே கதை.

ஜெபமலர் பக்கத்தில் வந்தாள்.

"கபடில பாடிப் போவியள்லா மேடம். எத்தனை பேர் போவிய?"

"ஒருத்திதான் மாஸ்டர்."

"மத்தவங்க?"

"நம்ம பாதியில நிப்பாங்க. கூட வரக் கூடாது."

"சரி, ஆடுங்க."

மாரிக்கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தப்பைச் சொன்னால் திருத்திக்கொள்ளலாம், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். இங்கே வந்து கபடிக் கணக்குக் கேட்டால் என்ன செய்வது?

மறுபடி பந்து அவள் கைக்கு வந்தது. தட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். இரண்டு பேர் பாய்ந்து வந்து மறித்தார்கள். கால் தானாகத் திரும்பியது. கோட்டைத் தொட ஓரடி இருக்கும்போது ஜெபமலர் விசில் ஊதினாள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க."

நின்றார்கள். மாரிக்கனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் இன்னும் தாண்டவே இல்லையே மாஸ்டர்."

"தாண்டலதான்."

"பெறகு எதுக்கு ஊதுனிய?"

மாரிக்கனியின் முதுகுக்குப் பின்னாலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது. "மேடம், பந்தக் குடுங்க. எவ்வளவு நேரம் கையத் தூக்கிக்கிட்டே நிக்க?" எஸ்தர் இவளுடைய அணிதான். அணியின் மற்ற மூன்று பேரும் எதிரணியின் பாதியில்தான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மாரிக்கனி அதைக் காதில் வாங்கவில்லை.

"ரெண்டு பேர் மறிக்காங்க மாஸ்டர். வீட்டுக்கு ஓடாம நான் வேற என்ன செய்ய?"

"போங்களேன்," என்றாள் ஜெபமலர். "அங்க யாரைப் பாக்கப் போறிய?"

மாரிக்கனி கோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வெறும் சிமெண்டுத் தரை. ஓரத்தில் அவளுடைய பை. அவ்வளவுதான். அந்தப் பாதி முழுக்க ஒரு ஆள் இல்லை.

திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு நின்ற நான்கு பேரையும் பார்த்தாள்.

மறுபடி விசில் ஊத, ஆட்டம் தொடர்ந்தது. பந்தைப் பிடித்தாள். இடது காலை ஊன்றித் திரும்பினாள். மறித்த கைகளுக்கு மேலே எஸ்தரின் கை தெரிந்தது. எறிந்தாள். மோசமான எறிதான், எஸ்தர் எட்டிக் குதித்துத்தான் பிடித்தாள். அப்புறம் பந்து கூடையில் விழுந்ததா என்றுகூட மாரிக்கனி பார்க்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவளுடைய பை எஸ்தர் பையோடும் மற்றவர்கள் பையோடும் சேர்ந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அதன் மேல் மடித்து வைத்த பனியன்.

அவள் பனியனைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். ஜெபமலரைப் பார்த்தாள்.

ஜெபமலர் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தாள்.

"உங்க பை அங்க தனியாக் கெடந்துச்சு மேடம்," என்றாள்.