அரத்தால் ராவிய தூண்

“தூண் நல்லாச் சுத்துது, ஹஜ்ரத். எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது.”

சொன்னவர் துர்சுன், துருக்கியின் பூர்சா நகரத்துப் புதுப் பள்ளிவாசலைக் கட்டிய தலைமை மேஸ்திரி. எதிரே இருந்தவர் அவருடைய குரு ஷேக் சாலிஹ். பள்ளிவாசலின் பக்கத்து அறையில், வழிப்போக்கர்களுக்குக் கணப்பு மூட்டிக்கொடுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறவர்.

“சுத்தினா நல்லதுதானே?”

அந்த ஊர் மேஸ்திரிகளின் வழக்கம் அது. தொழுகை மாடத்தின் இரண்டு பக்கமும் மெலிசான பளிங்குத் தூண் நிறுத்துவார்கள். பாரம் தாங்குவதற்கு அல்ல. கையால் திருப்பினால் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இறுகிப்போனால் சுவர் இறங்குகிறது என்று அர்த்தம்.

“பனிக்காலத்துல இறுகிடுச்சு. நான்... மேல் நுனியை அரத்தால ராவிட்டேன். அதான் இப்ப சுத்துது.”

அட பாவி மனுஷா! நாளைக்கு முதல் ஜும்ஆ, வெள்ளிக்கிழமைத் தொழுகை. ஊரே அந்த இரட்டைக் குவிமாடத்துக்குக் கீழே வந்து நிற்கப் போகிறது.

“கட்டச்சொன்ன வஜீர்கிட்ட சொன்னியா?”

“சொன்னா என் தலை போயிடும். போன மேஸ்திரி வாயைத் திறந்து என்ன ஆனார்னு உங்களுக்கே தெரியும்.”

“விழுமா?”

“விழலாம். விழாமலும் போகலாம். நீங்க அல்லாகிட்ட துஆ செய்யுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

ஷேக் கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். மண்ணில் நீளமாக ஒரு கட்டம் கீறினார்.

“படு.”

துர்சுன் படுத்தார். அளவு சரியாக இருந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“சொன்னா, இந்த ஒரு குழி.” ஷேக் தடியை அவர் கையில் கொடுத்தார். “சொல்லாட்டி எத்தனைன்னு நீயே போடு. முதல் வரிசையிலேருந்து ஆரம்பி.”

கட்டடக்காரர் கை அல்லவா, கோடு பிசகாமல் வந்தது. இமாமுக்கு ஒன்று. பாங்கு சொல்கிறவருக்கு ஒன்று. தன் மருமகனுக்குப் போடும்போது மட்டும் கோணிக்கொண்டது. போட்டுக்கொண்டே பள்ளிவாசலின் சமையற்கூடத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டார்.

கஞ்சிச் சட்டியோடு வெளியே வந்த பெண் நின்றாள்.

“கொஞ்சம் தள்ளிப் போடுங்க, மேஸ்திரி. அநாதைப் பிள்ளைங்க உக்காந்து சாப்பிடற இடம் இது. நாளைக்கு எல்லாரையும் உள்ளே கூட்டிட்டு வந்துடுவேன். முதல் ஜும்ஆ இல்லையா!”

தடி கீழே விழுந்தது. துர்சுன் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே, செருப்பைக்கூடப் போடாமல், வஜீர் மாளிகைப் பக்கம் நடந்தார்.

ஷேக் ஒவ்வொரு கோடாகக் காலால் அழித்துக்கொண்டே வந்தார். துர்சுன் படுத்திருந்த முதல் கட்டத்தின் பக்கத்தில் வந்ததும் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் மண்வெட்டி கேட்டார்.