கூட ஒரு வார்த்தை

கோவில்பட்டி செண்பகவல்லி ஜெர்மனியில் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்கு மெக்கானிக்காகப் போனாள். அங்கே மேலாளர் ஹைன்ட்ஸ். தான் அதட்டுவதால்தான் மாவே புளிக்கிறது என்று நினைக்கிறவர்.

நம்மூர் வழக்கப்படி செண்பகவல்லி எதற்கும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். அவருக்கு அது எரிச்சல்.

"என்ன ஆட்டம் இது? இது நாகரிகமான நாடு. கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல். கூட ஒரு வார்த்தை பேசினாலும் வேலை போய்விடும்!"

"ஆமாம்" என்றாள்.

அந்த வாரமே பெரிய அடுப்பு நின்றுபோனது. அவள் இரண்டு நாள் கிரீஸில் புரண்டு அதை ஓட வைத்தாள். ஹைன்ட்ஸோ தானே சரிசெய்ததாக முதலாளியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த அம்மா பாராட்ட நேரிலேயே வந்துவிட்டார்.

"அடுப்பைச் சரிசெய்தது இவர்தானே?" என்று செண்பகவல்லியிடம் கேட்டார்.

எப்படியும் தலையைத்தான் ஆட்டுவாள், ஆமாம் என்று அர்த்தம் சொல்லிவிடலாம் என்று ஹைன்ட்ஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

"இல்லை."

"பிறகு, நீயா?"

"ஆமாம்."

ஹைன்ட்ஸின் முகம் சிவந்தது. "நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்ததை விளக்கமாகச் சொல்லேன்!"

செண்பகவல்லி வாயைத் திறக்கவில்லை.

"பேசக் கூடாது என்று மிரட்டியிருக்கிறாரா?" என்றார் முதலாளியம்மா.

"ஆமாம்."

"சரி, ஹைன்ட்ஸ், எது பழுதாகியிருந்தது?"

"மோட்டார்..."

"திறந்து காட்டுங்கள்."

ஹைன்ட்ஸ் அடுப்பை இரண்டு முறை சுற்றி வந்தார். மூன்றாவது சுற்று தொடங்கும்போது முதலாளியம்மா செண்பகவல்லியிடம் திரும்பினார்.

"பாவம், மோட்டார் எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவருக்குக் காட்டிவிடம்மா."