ஒரு டம்ளர் மாவு எத்தனை கிராம்

"ஒரு டம்ளர் மாவு எத்தனை கிராம் அம்மா?" என்று கேட்டார் மருதப்பன்.

கேட்டவருக்கு வயது அறுபத்துமூன்று. முப்பது வருஷம் கடை கடையாக ஏறி, எடைக்கல்லுக்கு முத்திரை குத்திய அதிகாரி. கேட்கப்பட்ட குழல்வாய்மொழி அம்மைக்கு நாற்பதுகூட இல்லை. அந்த மலையடிவார மடத்தில் சமையலும் அவள்தான், குருவும் அவள்தான். அதற்கு முணுமுணுப்பவர்கள் ஊரில் உண்டு. முணுமுணுத்துவிட்டு, பந்திக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார்கள்.

மடத்து அடுக்களைக்குள் மேகம் வந்துபோகிற காலை அது. எது ஆவி, எது மேகம், எது பறக்கிற மாவு என்று ஒன்றும் தெரியவில்லை. எங்கோ அருவி விழுந்துகொண்டே இருந்தது.

"எதுக்கு அய்யா?"

"என் வீட்டுக்காரி பகவதிக்கு முதல் வருஷத் திதி. எட்டு நாள்தான் இருக்கு. படையல்ல அவ சுடுற மாதிரியே அதிரசம் வைக்கணும். நோட்டுல நாலு டம்ளர் மாவுன்னு மட்டும் எழுதி வச்சிட்டுப் போயிட்டா. ஆறு தடவை செஞ்சேன். ஆறு தடவையும் எண்ணெயில பிரிஞ்சுபோச்சு."

"எடை போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா? ஒரு தடவை நூத்திப்பத்து. ஒரு தடவை நூத்தி நாப்பது. அதே டம்ளர், அதே மாவு! பைத்தியம் பிடிக்குதும்மா."

அம்மை ஒரு டம்ளரை எடுத்தாள். சலித்த மாவை டம்ளரில் மெதுவாக விழவிட்டாள். நிறைந்தது. டம்ளரைக் கல்மேடையில் மூன்று தட்டு தட்டினாள். மாவு ஒரு விரல் இறங்கியது.

"இறங்கின இடத்துல என்ன இருந்தது?"

"காத்து."

"அவங்க காத்தோட அளந்தாங்களா, தட்டி அளந்தாங்களா?"

முப்பத்தாறு வருஷம் அதிரசம் தின்ற மனுஷன், ஒரு நாளாவது அடுக்களையை எட்டிப் பார்த்திருந்தால்தானே!

"பார்த்ததில்லைம்மா."

"சத்தம் கேட்டிருப்பீங்களே."

அவர் கண்ணை மூடினார். அம்மை மறுபடி தட்டினாள். டொக், டொக், டொக்.

"ஆமா! கல்யாணமான புதுசுல கேட்டிருக்கேன். கூடத்துல பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். மனுஷன் வீட்ல நிம்மதியா இருக்க வேண்டாமான்னு எரிஞ்சு விழுந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சத்தமே வரல."

"அதிரசம்?"

"எப்பவும் போலத்தான். ஒண்ணுகூடப் பிரிஞ்சதில்ல."

"அப்போ தட்டாம இருந்திருக்க மாட்டாங்க." அம்மை டம்ளரை அவரிடம் நீட்டினாள். "சத்தம் வராம தட்டுங்க, பார்ப்போம்."

அவர் சுற்றிப் பார்த்தார். மேடையும் கல். தரையும் கல். பிறகு இடது கையை விரித்து, உள்ளங்கையில் தட்டினார்.

மாவு இறங்கியது. சத்தம் வரவில்லை.

இரண்டாவது டம்ளர். மூன்றாவது. நாலாவதில் கை எரிந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். நடுவில் வட்டமாகச் சிவந்திருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தார். அழுகை வந்துவிட்டது.

"தீபாவளிக்குத் தீபாவளி அவ கையில இதைப் பார்த்திருக்கேன்," என்றார். "மருதாணின்னு நினைச்சேன்."