வலையைக் காத்த விரல்

ஓர் ஏரிக்கரையில் வேலாண்டி என்றொரு மீனவர் வாழ்ந்தார். அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலுக்கு, அந்த ஏரியே தன்னை நம்பித்தான் கிடக்கிறது என்ற நினைப்பு.

ஒரு காலையில் தேளி மீன் ஒன்று வலையில் சிக்கியது. அதன் நச்சு முள் கண்ணியில் மாட்டி நிமிர்ந்து நின்றது.

"இரண்டு நூலை அறுத்துவிடு. நான் விழுந்துவிடுவேன்; உனக்கும் காயமில்லை," என்றது முள்.

"நூலை அறுப்பதா?" என்றது விரல். "கண்ணி கிழியாமல் மீனெடுக்கும் பரம்பரை நான்! கரையில் நிற்பவர்கள் காறித் துப்ப மாட்டார்களா?"

படகுப் பலகைக்கடியில் கிடந்த தடித்த கையுறை, "என்னையாவது மாட்டிக்கொள்ளேன்," என்றது.

"உன்னையா? மீன் பிடிக்க வந்தாயா, பிரசவம் பார்க்க வந்தாயா என்று கேட்பார்கள்."

விரல் நுழைந்தது. முள் ஏறியது, நுனி உள்ளேயே ஒடிந்தது. வலையில் ஒரு நூல்கூட அறவில்லை.

வீட்டில், வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு முந்திக்கொண்டு ஓடிவந்தது. "தலைமுறை தலைமுறையாக நான்தான் வைத்தியம். குணமானால் என்னால், ஆகாவிட்டால் விதியால்."

அடுப்பிலிருந்த வெந்நீர் மெல்லச் சொன்னது: "கை பொறுக்கும் சூட்டில் என்னுள் அமிழ்ந்திரு. வலி தணியும். ஆனால், ஒடிந்த முள்ளை என்னால் எடுக்க முடியாது. அதற்கு மருத்துவர் வேண்டும்."

தன்னால் முடியாததை ஒப்புக்கொள்ளும் வைத்தியரை யார் நம்புவார்கள்? சுண்ணாம்பு வென்றது.

வேலாண்டியின் மனைவி அஞ்சலை தலையிலடித்துக்கொண்டாள். "யோவ், முள்ளு உள்ளாறவே நிக்குதுய்யா. ஆஸ்பத்திரிக்குப் போயி எடுத்துட்டு, ஊசியும் போட்டுக்கிட்டு வா."

"மீனு குத்துனதுக்கு ஆஸ்பத்திரியா? அதுக்கு நீ போயி வலை வீசு புள்ள, நான் கொண்டை முடிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"முடிஞ்சுக்கய்யா. அதுக்கும் விரலு வேணுமே!"

நாளுக்கு நாள் விரல் வீங்கியது. கட்டைவிரலைவிடப் பருத்துவிட்டதில் அதற்குப் பெருமை தாங்கவில்லை. "தலைமைப் பதவி தானாகத் தேடிவருகிறது," என்றது. பிறகு கறுத்தது. அனுபவத்தின் நிறம் என்று அதையும் மெச்சிக்கொண்டது. வலி தெறித்த ஒரு பொழுதில் மட்டும், மற்ற விரல்களுக்குக் கேட்காமல், "நான் பிழைப்பேனா?" என்று வெந்நீரிடம் கேட்டது.

"என்னைக் கேட்கும் வேளை கடந்துவிட்டது. இப்போதாவது போ," என்றது வெந்நீர்.

விரலுக்குக் கால் இல்லை. கால் இருந்தவரையோ மானம் தடுத்தது. காய்ச்சலில் பிதற்றியவரை அஞ்சலை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தபோது, மருத்துவரால் கையைத்தான் காப்பாற்ற முடிந்தது.

மிஞ்சிய நான்கு விரல்களும் இரங்கல் கூட்டம் கூட்டின. "வலைக்காக உயிர் நீத்த மாவீரன்!" என்று சுண்டுவிரல் முழங்கியது. மோதிரவிரல் விம்மியது.

கையுறை தயங்கித் தயங்கி வாய் திறந்தது. "இனிமேலாவது..."

"தியாகியின் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது?" நான்கும் சீறின.

அடுத்த தேளி சிக்கிய அன்று, காலியாயிருந்த பதவிக்கு நடுவிரல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டது.