அமுதம் நகர் விருந்து

ஒரு ஊர் இருந்ததாம், ஊர்க்கோடியில் மூடிப்போன எலிமருந்துக் கம்பெனி ஒன்று இருந்ததாம். அது கொட்டிய கழிவில் மண்ணெல்லாம் ஆர்சனிக் விஷம் ஊறிக் கிடந்தது. அந்த இடத்துக்கு 'அமுதம் நகர்' என்று போர்டு வைத்து மனை விற்கக் கிளம்பினார் ஏகாம்பரம்.

அங்கேயே குடிசை போட்டிருந்த காவல்காரி பூங்காவனத்தைக் கூப்பிட்டார். "நாளைக்கு பூமி பூஜை, விருந்து உன் பொறுப்பு. விஷம்னு ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சு, குடிசையைப் பிரிச்சுருவேன்!"

"வராதுங்க ஐயா."

நிலத்துக்காரர் முதல் வாய் வைத்த பிறகே மற்றவர்கள் இலையில் கை வைப்பது அந்த ஊர் வழக்கம். மறுநாள் பந்தியில் பூங்காவனம் ஏகாம்பரத்தின் இலையில் ஈரல் வறுவலை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நம்ம மண்ணுலயே மேஞ்ச ஆடுங்க ஐயா!"

ஏகாம்பரத்தின் கை அந்தரத்தில் நின்றது. "நான் சைவம்மா."

"காலையில பாயா கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே? சரி, இந்தாங்க, இங்கயே வெளைஞ்ச கீரை."

"இன்னைக்கு விரதம்."

"நம்ம கிணத்துத் தண்ணியாவது?"

"தண்ணிகூடக் குடிக்காத விரதம்!"

மனை வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

பந்தல் காலியானதும் ஏகாம்பரம் கத்தினார். "உன் குடிசையை..."

"பிரிங்க ஐயா. ஏன் பிரிச்சாருன்னு ஊர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அவர் காரில் ஏறிப் போனார். சந்தையில் வாங்கிவந்த அந்த ஈரலை இலையோடு சுருட்டிக்கொண்டு, பூங்காவனமும் குடிசையைப் பார்த்து நடந்தாள்.