கோட்டில் தங்கிய நிறம்

பூங்காவனம் அடி வாங்கி வாங்கி, கணவன் முகத்தைக் கண்டாலே கையை உயர்த்திக் கன்னத்தை மறைத்துக்கொள்ளப் பழகியவள். அவன் செத்தான். பழக்கம் சாகவில்லை. மகள் செங்கமலத்துக்கு அப்பனை உரித்து வைத்த முகம். பிள்ளை பக்கத்தில் வந்தாலே தாயின் கை மேலே போகும்.

பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தாள். மனம் ஆறியதும் போய் அழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஆண்டுகள் ஓடின.

ஒருநாள் செங்கமலமே வந்து நின்றாள், வளர்ந்த பெண்ணாக. "அம்மா" என்று கிட்டே வந்தாள்.

பூங்காவனத்தின் கை தானாக எழுந்து கன்னத்தை மறைத்தது.

மகள் அந்தக் கையையே பார்த்தாள். "நான் உன்னை எப்போது அடித்தேன் அம்மா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

பூங்காவனம் குருவிடம் ஓடினாள். குருவும் அவள் வயதுக்காரிதான். மடத்துத் தறியில் உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை காலம் அவளைப் பார்க்காமலே இருந்தேனே. ஏன் இது போகவில்லை?"

குரு எழுந்துபோய் இரண்டு துணிகளை எடுத்து வந்தாள். சிவப்புத் துணியில் கறுப்பு நெட்டுக் கோடுகள். பச்சைத் துணியில் கறுப்புக் குறுக்குக் கோடுகள். வெயில் முற்றத்தைக் கடக்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி அவள் கண்முன் பிடித்தாள். பிறகு வேறொரு துணியை விரித்தாள். அதிலும் கறுப்பு நெட்டுக் கோடுகள்.

"கோடுகளுக்கு நடுவே என்ன நிறம்?"

"இளம்பச்சை."

குரு கோடுகள் குறுக்காக வரும்படி துணியைத் திருப்பினாள். "இப்போது?"

"ரோஜா நிறம்."

"இது வெள்ளைத் துணி. நிறம் உன் கண்ணில் தங்கியது," என்ற குரு அவள் கண்களைக் கட்டினாள். "இப்படியே தூங்கு."

காலையில் கட்டை அவிழ்த்ததும் அதே துணியைக் காட்டினாள். பச்சை அப்படியே இருந்தது.

"இரவெல்லாம் கண்ணை மூடித்தானே இருந்தேன்?"

"அதனால்தான் இருக்கிறது. இனி பார்த்துக்கொண்டே இரு."

பார்த்தாள். கண் கரித்தது. விடாமல் பார்த்தாள். உச்சிவேளைக்குமேல் பச்சை மெல்ல மெல்ல வெளுத்து, வெறும் வெள்ளை ஆயிற்று.

பூங்காவனம் மகள் போன வாசலைப் பார்த்தாள்.

"அவள் இனி வரமாட்டாள்."

"வரமாட்டாள்."

"இதை நான் வந்த அன்றே சொல்லியிருக்கலாமே நீங்கள்." அவள் குரல் கசந்தது.

குரு துணியை மடித்தாள்.

"அன்று நீ ஒளிந்துகொள்ள இடம் கேட்டாய். இடம் இருந்தது, கொடுத்தேன்."